நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர்

"விரலை மட்டும் எடுத்துராத அம்மணி. இதா, சுருக்கா வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தராஜன் மாடிப்படியைப் பார்த்து நடந்தார்.

சந்திரிகாவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பழைய காரின் திறந்த பானட்டுக்குள் பாதி உடம்பைக் கொடுத்து, வலது கையை முழங்கை வரைக்கும் எஞ்சினுக்குப் பின்பக்கம் விட்டிருந்தாள். எஞ்சினுக்கும் அதன் பின்னாலிருந்த தகரச் சுவருக்கும் நடுவே ஒரு கைக்குத்தான் இடம். அந்த இடுக்கின் அடியில், குழாய்களுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன்மேல் அவளுடைய நடுவிரல் அழுந்தியிருந்தது. விரலுக்கு அந்தப் பக்கம் நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர், எஞ்சினின் சூட்டைத் தணிக்கப் பச்சை மருந்து கலந்து ஊற்றியது.

மூன்று வாரமாக அந்த வண்டியில் சூடு காட்டும் முள் செத்துக் கிடந்தது. காய்கறிக் கடைக்குப் போனாலும் சரி, புனேக்கு வெளியே கடக்வாஸ்லா அணைவரைக்கும் போனாலும் சரி, முள் அடிமட்டத்திலேயே படுத்துக்கொண்டிருந்தது. "காச்சல் இருக்குதா இல்லியானே தெரியாம எப்படி அம்மணி ஓட்டறது?" என்று கோவிந்தராஜன் தினம் ஒருமுறை புலம்பினார். கோந்த்வாவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் முகமது ரஃபீக்தான் சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் சென்சார் போய்விட்டது என்று சொன்னான். ரஃபீக்கும் கோயமுத்தூர்க்காரன். உக்கடத்திலிருந்து வந்தவன். "மாத்தறது பெரிய வேலைங்ணா. பின்னால போயி ஒளிஞ்சுட்டு இருக்குது. மேல இருக்கறதப் பூராக் கழட்டோணும். ஒரு நாள் வண்டிய உட்டுட்டுப் போங்" என்றான்.

வண்டியை விட்டுவிட்டு வருவதா? பெண்ணை விடுதியில் விட்டுவிட்டுக் கண் கலங்காமல் வந்த மனிதர்தான் அவர். ஆனால் வண்டி விஷயம் வேறு. ஹடப்சரில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் லேத்தில் நின்றவர். கட்டைவிரல் ஒன்றே குழந்தையின் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அந்தக் கையை இடுக்குக்குள் விட்டுப் பார்த்தார். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே ரஃபீக்கிடம், "என்ற ஊட்டுல ஒரு கை இருக்குது ரஃபீக்கு. உன்ற கடையில இருக்கற எந்த ஸ்பானரும் அதுக்குக் கிட்ட வராது" என்று சொல்லி, புதுச் சென்சாரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கைதான் இப்போது உள்ளே இருந்தது.

அவர் வகுத்திருந்த வழி எளிமையானது. தண்ணீரை இறக்க வேண்டியதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பழைய சென்சாரைக் கழற்ற வேண்டும். கழன்றதும் ஓட்டையை விரலால் அடைக்க வேண்டும். விரலை எடுத்த கையோடு புதுசை வைத்துத் திருகிவிட வேண்டும். சிந்தினால் ஒரு டம்ளர் சிந்தும். பக்கத்தில் நின்று அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். "கீழ எறக்கு. இன்னம் கொஞ்சம். ஆறு மூலை தட்டுப்படுதா? அதேதான்." பழையது கழன்ற வேகத்தில் அவள் விரலிலிருந்து நழுவி அடியில் எங்கோ விழுந்து சிக்கிக்கொண்டது. அவள் பாய்ந்து ஓட்டையை அடைத்துவிட்டாள். "புதுசக் குடுங்" என்று இடது கையை நீட்டினாள்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. புதுசு சாமி அலமாரியில் இருந்தது.

வண்டிக்கு எந்தச் சாமான் வாங்கினாலும், அது மழைத்தண்ணீர் துடைக்கும் ரப்பர் பட்டையாகவே இருந்தாலும், ஒரு ராத்திரி முருகன் படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்து இருந்தாக வேண்டும். இதில் அவர் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். காலையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியவர், ஸ்பானர், டார்ச்சு, பழந்துணி எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு அதை மட்டும் மறந்துவிட்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் போனார்.

சந்திரிகா செருப்புச் சத்தத்தை வைத்து அவரைப் பின்தொடர்ந்தாள். முதல் மாடி, இரண்டாவது மாடி, கதவு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி கதவு. செருப்பு இறங்கி வந்தது. முக்கால்வாசி இறங்கி நின்றுவிட்டது.

கீழ்வீட்டு வைஷாலியின் குரல் கேட்டது. அவர் ஏதோ மெல்லப் பதில் சொன்னது கேட்டது. ஆரம்பித்தாயிற்று, என்று நினைத்தாள் சந்திரிகா. இவருக்கு வழியில் யாரைக் கண்டாலும் நின்று நாலு வார்த்தை பேசியாக வேண்டும். பெண்டாட்டி எஞ்சினுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறாளே என்ற எண்ணம் வேண்டாமா? பிப்ரவரி மாதத்துத் தண்ணீர் விரலோரமாகக் கசிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது.

"ஏனுங்! கை மரத்துப் போச்சுங்!"

செருப்பு நகரவில்லை. அவள் காலை மாற்றி நின்றாள். இன்று வரட்டும், சோறு வைக்கும்போது பேசிக்கொள்கிறேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"காகூ!" என்று வைஷாலி கத்தினாள். சந்திரிகாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "காகூ, லவ்கர் யா!" சீக்கிரம் வாருங்கள் என்று அர்த்தம். அதற்கு அர்த்தம் தெரியாமல் யாரும் புனேயில் ஒரு மாதம்கூட இருக்க முடியாது. சந்திரிகா வந்து இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது.

அப்போதும் அவள் விரலை எடுக்கவில்லை.

கேட்காமல் இல்லை, நன்றாகக் கேட்டது. கத்திய விதத்திலேயே என்னவோ ஆகிவிட்டது என்று நெஞ்சுக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாவது முறை கத்தியபோதுதான் கையை உருவினாள். உருவியதும் எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அதையும் ஒரு கணம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.

கோவிந்தராஜன் கடைசியிலிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். தோளும் தலையும் சுவரில் சாய்ந்திருந்தன. மூக்குக்கண்ணாடி கொஞ்சமும் கோணவில்லை. வலது கை மூடியபடி மடியில் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் இப்படித்தான் உட்காருவார். எதிரே வைஷாலி டம்ளரில் தண்ணீரோடு நின்றுகொண்டு அழுதாள். சந்திரிகா அவர் முகத்தைத் தொட்டாள். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் விரல்தான் சில்லிட்டிருந்தது. "ஏனுங்" என்றாள். தரையின் சரிவில் பச்சைத் தண்ணீர் நெளிந்து வந்து, முதல் படியைத் தொட்டு, அங்கேயே தேங்கியது.

*

பக்கத்துக் கட்டடத்து டாக்டர் வந்து பார்த்தார். ஒரே நொடியில் முடிந்திருக்கும், ஆஸ்பத்திரி வாசலிலேயே நடந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று இந்தியில் சொன்னார். நல்ல மனிதர். ஆறுதலுக்குச் சொல்கிறாரா, உண்மையையே சொல்கிறாரா என்று சந்திரிகா அவர் கண்ணைப் பார்த்தாள். தெரியவில்லை. டாக்டர்களுக்கு இரண்டுக்கும் ஒரே முகம்தான்.

நாற்காலியில் வைத்து நான்கு பேர் அவரை மேலே தூக்கி வந்தார்கள். கூடத்தில் தெற்கே தலை வைத்துப் படுக்கவைத்தார்கள். பெண் சுப்ரஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஞாயிறு, திங்கள் என்று ஒன்றும் கிடையாது. ஸ்கூட்டியில் வந்து இறங்கியவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். யாரோ கழற்றிவிட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அம்மாவைப் பார்த்தாள்.

"மா, நீ எங்க இருந்த? அந்த டைம்ல?"

"கீழதான்."

"அப்பா கூடவா?"

சந்திரிகா குனிந்து தன் விரலைப் பார்த்தாள். கூட என்றால் கூடத்தான். பதினைந்து அடி தூரம். நடுவில் ஒரு தூண்.

வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் அதையே சொன்னாள். "ஒரு சாமான் எடுத்துட்டு வரலாம்னு மேல போனாருங். எறங்கி வாரப்ப அப்பிடியே ஒக்காந்துட்டாருங்." சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் சொல்லும்போதெல்லாம் நடுவிரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வைஷாலி முதல் தடவை கத்தியதற்கும் இரண்டாவது தடவை கத்தியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? அதற்கு முன்னால், செருப்புச் சத்தம் நின்றதே, அப்போதே ஓடியிருந்தால்? டாக்டர் சொன்ன அந்த ஒரு நொடியில் அவர் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால், எதிரே வைஷாலிதான் இருந்திருப்பாள். பெண்டாட்டி இல்லை. அவள் தண்ணீருக்குக் காவல் நின்றுகொண்டிருந்தாள். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது கல்நெஞ்சக்காரி என்பார்கள். இரண்டில் எது சரி என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு மும்பையிலிருந்து கொழுந்தன் ஸ்ரீநிவாசன் வந்து சேர்ந்தான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்து ஆகவேண்டியதைப் பார்த்தான். குளிப்பாட்டும்போதுதான் அந்த மூடிய கை இடைஞ்சலாக இருந்தது. வேட்டி கட்ட வேண்டும், விபூதி பூச வேண்டும், கை விரியவில்லை. ஸ்ரீநிவாசன் மெல்ல ஒரு விரலைப் பிரித்தான். உள்ளங்கையில் சிவப்பாக ஈரம். "ஐயோ அண்ணி, ரத்தம்" என்று பின்வாங்கினான்.

"ரத்தமில்லீங். குங்குமம்" என்றான் ரஃபீக். அதுவரை சுவரோரமாக நின்றிருந்தவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெரிய கையின் விரல்களை ஒவ்வொன்றாக, இறுகிய நட்டைத் தளர்த்தும் பொறுமையோடு பிரித்தான். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சாமான் வெளியே வந்தது. "நான் குடுத்ததுதானுங்க்கா" என்று சொல்லி ஸ்ரீநிவாசனிடம் நீட்டினான்.

விழப்போகும்போது கம்பியைப் பிடிக்கலாம், சுவரைப் பிடிக்கலாம். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளலாம். இவர் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். திருகின் மரை நசுங்கக்கூடாது என்று முனையை உள்ளே திருப்பி, உள்ளங்கைக்குள் பத்திரமாக வைத்து மூடியிருக்கிறார். சந்திரிகாவுக்கு அழுகை வரவில்லை. வியப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஸ்ரீநிவாசன் அதை ஜன்னலோரம் வைக்கப் போனான்.

"இக்கட்ட குடு" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வண்டி மாடிப்படிக்கு எதிரிலேயே நின்றிருந்தது. பாடை திரும்ப இடமில்லை. ரஃபீக்கும் கட்டடத்து ஆட்களும் அதைத் தூண் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். ரஃபீக் மேலே வந்து, "பானட்டைச் சாத்தட்டுங்களாக்கா?" என்று கேட்டான்.

"சாத்தாத" என்றாள்.

ஐந்து மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் வாசலோடு நிற்க வேண்டும் என்பது வழக்கம். சுப்ரஜா கேட்கவில்லை. "நான் போறேன். என் அப்பா" என்றாள், அவளுக்கு வரும் நாலு வார்த்தைத் தமிழில். ஸ்ரீநிவாசன் தயங்கினான். ரஃபீக் சுடுகாட்டு வேனின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

*

பிணம் போன வீட்டை உடனே கழுவ வேண்டும். வைஷாலியும் முதல் மாடிப் பெண்களும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கூடத்தில் ஊற்றினார்கள். சந்திரிகாவைக் குளிக்கச் சொன்னார்கள். அவள் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குளிப்பதென்றால் எப்படியும் குளிக்கத்தான் போகிறோம், அழுக்காவதானால் அதற்கு முன்னாலேயே ஆகிவிட வேண்டும் என்று தோன்றியது. குளியலறையைத் தாண்டி நடந்தாள். கதவைத் தாண்டினாள். படி இறங்கினாள். கீழேயிருந்து மூன்றாவது படியை மட்டும் மிதிக்காமல் தாண்டி இறங்கினாள்.

பானட் திறந்தபடியே இருந்தது. அவர் பாதியாக அறுத்துச் சின்னதாக்கி வைத்திருந்த ஸ்பானர் பழந்துணியில் காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"காகூ, காய் கர்தா?" என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபடி வைஷாலி பின்னால் ஓடிவந்தாள். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. சந்திரிகா டார்ச்சை எடுத்து நீட்டினாள். வைஷாலி வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் சந்திரிகாவின் முகத்தில் காட்டினாள்.

பிறகு அழ ஆரம்பித்தாள்.

"உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும் காகூ. காலையிலிருந்து சொல்லமுடியாமல் இருக்கிறேன்." வைஷாலி மராத்தியில்தான் பேசினாள். சந்திரிகாவுக்குக் கத்தரிக்காய் வாங்கவும் பால்காரனோடு சண்டை போடவும் வேண்டிய மராத்தி தெரியும். இன்று அதற்கு மேலேயே புரிந்தது. "காகா படியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஒரு நிமிஷம் உட்கார்கிறேன் என்றார். காகூவைக் கூப்பிடுகிறேன் என்று கிளம்பினேன். கையைத் தூக்கி நிறுத்தினார்." வைஷாலி தன் கையைத் தூக்கிக் காட்டினாள். "திலா சாங்கூ நகா, ஹாத் காடேல் என்றார். அவருடைய மராத்தியில். சிரித்துக்கொண்டே சொன்னார் காகூ. சிரித்ததால்தான் நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அப்போதே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான்தான் தப்புச் செய்துவிட்டேன்."

அவளிடம் சொல்லாதீர்கள், கையை எடுத்துவிடுவாள்.

சந்திரிகா அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் குரலிலேயே வந்தது. நெஞ்சுக்குள் என்னவோ இறங்குகிறது, உடம்பு வேர்க்கிறது. ஐம்பத்தேழு வயது மனிதருக்கு அது என்னவென்று தெரியாமலா இருக்கும்? தெரிந்திருக்கும். தெரிந்தும் தடுத்திருக்கிறார். இங்கே இவள், கூப்பிட்ட பிறகும் விரலை எடுக்காமல் நின்றிருக்கிறாள். போன மாதம்தான் புதுசாக ஊற்றிய நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீர். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, உயிர் போகிற நேரத்தில் அதைச் சிந்தாமல் காத்திருக்கிறார்கள்.

"கிறுக்குப் புடிச்ச மனுசன்" என்றாள் தமிழில். சொன்னதும் அவளை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள் அது அழுகையாகிவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை. காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சத்தம் போட்டு அழுதாள். வைஷாலி அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஓய்ந்ததும் முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "நீ கத்தினது எனக்குக் கேட்டது" என்றாள், தனக்குத் தெரிந்த மராத்தியில். "முதல் தடவையே கேட்டது. நான் விரலை எடுக்கவில்லை."

வைஷாலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு டார்ச்சை எஞ்சினுக்குள் திருப்பினாள்.

சந்திரிகா சென்சாரை விரல்நுனிகளில் பிடித்துக் கையை உள்ளே விட்டாள். டார்ச்சு வெளிச்சம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருட்டு. அந்த இடத்தை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. பார்க்காமலேயே அங்கே என்னென்ன இருக்கிறது என்று பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இவளும் பார்க்காமலேயே ஒவ்வொன்றாகத் தொட்டாள். வீட்டில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த இடம் அது.

கை போகப் போக, மணிக்கட்டில் மெத்தென்று ஏதோ பட்டது. காலையில் அவசரத்தில் கவனிக்கவில்லை. கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துத் தடவிப் பார்த்தாள். ரப்பர். சைக்கிள் டியூப்பைக் கீறி எடுத்த பட்டை. தண்ணீர்க் குழாயை இறுக்கும் தகர வளையத்தின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. போன தீபாவளிக்கு முந்தி, உள்ளே விழுந்த நட்டு ஒன்றை எடுக்க அவள் கையை விட்டபோது அந்த முனைதான் மணிக்கட்டைக் கீறிவிட்டது. பத்து நாள் எரிந்தது. அவரிடம் அன்றைக்கு ஒருமுறை சொன்னதோடு சரி.

அவர் கைதான் உள்ளே போகாதே. பின் எப்படிக் கட்டினார்? மேலே இருந்து முடியாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கீழேயிருந்து நீள மூக்குக் குறட்டை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுற்றி, நூலை முடிச்சும் போட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பிடித்திருக்கும். இன்று காலை ஆறு மணிக்கு அவர் கீழே இறங்கிப் போனதும், வண்டி கழுவுகிறார் என்று இவள் புரண்டு படுத்ததும் நினைவுக்கு வந்தன. திரும்பி வந்தபோது சட்டை முதுகெல்லாம் மண்ணாக இருந்தது. காப்பியைக் கையில் கொடுத்து, "சின்னப் பையனாட்டத் தரையில பொரளறதா?" என்று திட்டினாள். அவர் காப்பியை ஆற்றிக் குடித்தார்.

சந்திரிகா அப்படியே நின்றாள். இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். எது பிடிக்கும், எது பிடிக்காது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தாள். இந்த மனிதர் இவ்வளவு பெரியவர் என்பது மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. அதை அவள் வைஷாலியிடம் சொல்ல முயன்றாள். மராத்தியில் வார்த்தை கிடைக்கவில்லை. தமிழிலும் கிடைக்கவில்லை.

"காகூ?" என்றாள் வைஷாலி.

"ஒன்றுமில்லை. வெளிச்சத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

சென்சாரின் நுனி ஓட்டையைக் கண்டுகொண்டது. முதல் சுற்றில் கோணலாகப் போயிற்று. வெளியே எடுத்து மறுபடி வைத்தாள். இரண்டாவது முறை மரை கவ்வியது. விரலால் திருகும்வரை திருகிவிட்டு, குட்டை ஸ்பானரைக் கொடுத்துக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினாள். கம்பிச் சொருகியைத் தடவிப் பிடித்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

வீடு கழுவ வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடத்தை வைஷாலி தூக்கி வந்தாள். பச்சையாக இல்லாவிட்டால் என்ன, தண்ணீர்தானே. சந்திரிகா ரேடியேட்டர் குழாயைப் பிசைந்து பிசைந்து காற்றைக் கொப்பளிக்க விட்டு, விளிம்புவரை ஊற்றி மூடியைத் திருகினாள். அடியில் சொட்டுகிறதா என்று வைஷாலி குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சொட்டவில்லை.

சந்திரிகாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் அவள் உட்காரவில்லை. இப்போதும் ஓட்டுகிற பக்கம் போக மனம் வரவில்லை. எப்போதும் உட்காரும் இடது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். உடம்பை வளைத்து எட்டி, சோக்கை இழுத்து, வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருப்பினாள். முதல் தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

முள் அடிமட்டத்தில் படுத்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைஷாலி போய்ப் படியில் உட்கார்ந்தாள். ரோட்டில் பஸ்கள் போயின. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நெடுநேரம் கழித்து முள் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஏமாற்றவில்லை. ஒரு மயிரிழை மேலே வந்திருந்தது. அப்புறம் இன்னும் ஒரு மயிரிழை.

சுடுகாட்டிலிருந்து வேன் திரும்பியபோது முள் பாதிக்குப் பக்கத்தில் இருந்தது. தலை நனைந்த ஆண்கள் கேட்டைத் தாண்டி வந்து நின்றார்கள். பானட் திறந்து கிடக்க, ஓட்டும் இருக்கை காலியாக இருக்க, பக்கத்தில் ஈரத் துண்டோடு சந்திரிகா உட்கார்ந்திருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீநிவாசன் "அண்ணி" என்று ஆரம்பித்தான். ரஃபீக் அவன் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, முன்னால் போய் எஞ்சினுக்குள் குனிந்து பார்த்தான். எவ்வளவோ நேரம் குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சுப்ரஜா வந்து வலது பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். கை தானாக ஸ்டியரிங்கின் மேல் போய், பிறகு மடிக்கு வந்துவிட்டது.

"நீயே போட்டியா மா?"

"ம்."

"எத்தன நேரம் ஓடணும்?"

"ஃபேன் வார வரைக்கும்."

இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பாதியைத் தாண்டிச் சற்று நின்றது. முன்னாலிருந்து திடுமென்று விசிறி சுழலும் சத்தம் வந்தது. வண்டி முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது. சுப்ரஜா நீண்ட மூச்சு விட்டு, சாவியிடம் கையைக் கொண்டுபோனாள்.

"இரு கண்ணு" என்றாள் சந்திரிகா. "ஒருக்கா வந்தாப் பத்தாது. நின்னு மறுக்கா வரோணும். அப்பத்தான் உங்கப்பா நம்புவாரு."

சுப்ரஜா கையை எடுத்துக்கொண்டாள். வெளியே நின்றவர்கள் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது, விசிறி நின்றது. எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முள் மறுபடி ஏறத் தொடங்கியது.